பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்கள்: கோலாலம்பூர், பினாங்கு சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரோனோகிராஃப் என்றால் என்ன?

மணி காட்டும் கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் அது குரோனோகிராஃப். சாவி கொடுக்கும் பக்கத் திருகான கிரவுனுக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் புறப்படும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டனைத் தட்டினால் பூஜ்ஜியத்துக்கு ஓடிவிடும். டயலில் இருக்கும் சின்ன வட்டங்கள் கடந்துபோன நிமிடத்தையும் மணியையும் கணக்கு வைக்கும். கிரேக்க மொழியில் இந்தச் சொல்லுக்கு ‘நேரத்தை எழுதுவது’ என்று பொருள். 1821-ல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே டயலில் மைப்புள்ளி வைத்து நேரத்தை எழுதியது.

கைத்தொலைபேசியிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கும்போது இதில் அப்படி என்ன ஈர்ப்பு?

விரலால்தான் இதை உணர முடியும். நல்ல நிலையில் உள்ள பழைய குரோனோகிராஃபின் மேல் பட்டனை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் ஒரு சிறு தளர்வு, பிறகு எதிர்ப்பு, அதன் முடிவில் ‘டக்’. அந்த ‘டக்’ என்பது ஒரு நெம்புகோல், சிறு தூண்கள் எழுந்து நிற்கும் ‘தூண் சக்கரத்தில்’ ஒரு தூணின் விளிம்பிலிருந்து நழுவி இடைவெளிக்குள் விழும் கணம். பின்மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுத்தினால் அது விழுவதைக் கண்ணாலும் பார்க்கலாம்.

அதைவிட அழகு, முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் விதம். முள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கீழ்ப் பட்டனை அழுத்தியதும் தட்டையான முகம் கொண்ட ஒரு சுத்தியல் அந்த இதயத்தின் மேல் மோதும். இதயம் எந்தத் திசையில் நின்றிருந்தாலும் சரி, வழுக்கிச் சுழன்று தன் இரு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் சுத்தியலுக்கு நேரே வந்த பிறகே அடங்கும். முள்ளும் 12-க்கு வந்துவிடும். அடால்ஃப் நிக்கோல் 1844-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று விற்கும் புதிய இயந்திரக் குரோனோகிராஃபிலும் அதே இதயம்தான். மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை, ஒரு தகட்டின் வளைவு மட்டும்தான் கணக்குப் போடுகிறது. இதில் மனம் லயித்தவர்தான் நீண்ட காலம் சேகரிப்பார். விலை ஏறும் என்று வருபவர் இரண்டாவது சர்வீஸ் பில்லோடு நின்றுவிடுவார்.

1969-ஐப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, ஏன்?

அதுவரை குரோனோகிராஃப் என்றால் தினமும் சாவி கொடுக்க வேண்டும். தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃபை முதலில் யார் செய்வது என்ற போட்டி அந்த ஆண்டு முடிவுக்கு வந்தது. ஜனவரி 10 அன்று சுவிஸ் கம்பெனி செனித் தன் எல் பிரிமேரோ இயந்திரத்தை அறிவித்தது. மார்ச் 3 அன்று ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், டியூபுவா டெப்ரா கூட்டணி காலிபர் 11 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஜப்பானின் சீக்கோ அதிகம் பேசாமல் மே மாதமே 6139-ஐக் கடையில் விற்கத் தொடங்கியது. எது முதல் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அறிவிப்பைக் கணக்கில் எடுத்தால் செனித், கடைக்கு வந்ததைக் கணக்கில் எடுத்தால் சீக்கோ என்பது எங்கள் பார்வை.

செனித்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1970-களின் நடுவில் மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் வெள்ளம் அடித்தபோது, இயந்திரக் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவிட்டது. அங்கு வேலை பார்த்த சார்ல்ஸ் வெர்மோ அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் தொழிற்சாலையின் பரணில் ஒளித்துவைத்தார். அவை இருந்ததால்தான் 1980-களில் எல் பிரிமேரோ மறுபடி ஓடியது. 1988 முதல் ரோலெக்ஸ் டேடோனாவின் உள்ளே இருந்ததும் அதையே அடிப்படையாகக் கொண்ட இயந்திரம்தான்.

முதல் கடிகாரமாக எதை வாங்கலாம்?

பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே உள்ள இயந்திரத்தைப் பாருங்கள். நாங்கள் சொல்வது இரண்டு வழி.

ஒன்று, சீக்கோ 6139. தூண் சக்கரமும், மேலிருந்து இறங்கிப் பிடித்து ஸ்டாப்வாட்ச்சை ஓடவைக்கும் செங்குத்துக் கிளட்சும் உள்ள தானியங்கி, மணிக்கு 21,600 அதிர்வு, 30 நிமிடம் எண்ணும் ஒற்றை வட்டம். விண்வெளி வீரர் கர்னல் வில்லியம் போக் 1973-74 ஸ்கைலாப் 4 பயணத்தில் விண்வெளிக்குக் கொண்டுபோனது இந்த வகை மஞ்சள் டயல் கடிகாரம்தான், அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதைப் ‘போக்’ என்கிறார்கள். எண்ணிக்கையில் நிறைய வந்தது, ஆகவே உதிரி பாகம் எடுக்கப் பழுதான கடிகாரங்களும் கிடைக்கும். 12 மணி நேரம்வரை எண்ண வேண்டும், கையாலும் சாவி கொடுக்க வேண்டும் என்றால் அதன் அண்ணன் 6138.

இரண்டு, வால்ஷு 7733 குடும்பம். கையால் சாவி கொடுக்கும் சுவிஸ் இயந்திரம், தூண் சக்கரத்துக்குப் பதில் கேம் எனப்படும் வளைந்த விளிம்புள்ள தகடு, மணிக்கு 18,000 அதிர்வு. 7734 என்றால் தேதி உண்டு, 7736 என்றால் மூன்று வட்டம். இன்று பெயரே மறந்துபோன பல சிறு கம்பெனிகள் இதைப் போட்டு விற்றன. டயலில் தெரியாத பெயர் இருப்பதால் விலை குறைவாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது எந்த அனுபவசாலி கடிகாரக்காரருக்கும் பழக்கமான இயந்திரம்.

ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஆசை எல்லாருக்கும் வரும். 1957-ல் வந்தது, 1965 மார்ச்சில் நாசா தேர்வு செய்தது, 1968 வாக்கில் உள்ளே இருந்த தூண் சக்கர 321 போய் கேம் வகை 861 வந்தது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே விலை பெரிதும் வேறுபடும். அதனால் 861 கடிகாரத்தின் கேஸுக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், 321-ஐ ஏற்றி விற்பவர்களும் உண்டு. முதல் இரண்டு கடிகாரம் வாங்கிக் கை பழகிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

எங்கே தேடுவது?

பினாங்கில் சிட்டி ஸ்டேடியம் பக்கத்து லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் மிச்சம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தை. இவை தவிர அடகுக் கடைகளும், பழைய கடைவரிசைகளில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரர்களும். கடிகாரக்காரரிடம் வாங்குவதில் ஒரு நன்மை, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். “கடைசியா எப்போ பிரிச்சுக் கழுவினீங்க அண்ணே?” என்று நேராகக் கேளுங்கள். “நல்லா ஓடுது” என்பது அதற்குப் பதில் ஆகாது.

கையில் எடுத்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

பத்து நிமிடம் போதும், ஆனால் வரிசை மாறக் கூடாது.

முதலில் எந்தப் பட்டனையும் தொடாமல் நடுவிலுள்ள நீண்ட ஸ்டாப்வாட்ச் முள் சரியாக 12-ல் நிற்கிறதா பாருங்கள். பிறகு ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்ஜியத்துக்குத் திருப்புங்கள். இதைப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிறுத்திச் செய்யுங்கள். முள் எப்போதும் ஒரே அளவு தள்ளி, உதாரணமாக ஒவ்வொரு முறையும் ஒரு நொடி முன்னால் நின்றால், யாரோ முள்ளைக் கோணலாகக் குத்தியிருக்கிறார்கள். கழற்றி நேராகக் குத்தினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் அது வேறு சங்கதி. முள்ளின் குழாய் அச்சில் தளர்ந்திருக்கிறது, அல்லது சுத்தியலோ இதயமோ தேய்ந்திருக்கிறது. விலையில் கழித்துக் கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, நிமிட எண்ணி. நொடி முள் 60-ஐத் தாண்டும்போது நிமிட முள் நகர்கிறதா என்று குறைந்தது மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சந்தையில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. நொடி முள் ஓடும், நிமிட முள் அசையாது, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

பிறகு, ஓடும் முள்ளைக் கவனியுங்கள். பழைய சுவிஸ் இயந்திரங்களில் இரண்டு பற்சக்கரங்கள் பக்கவாட்டில் வந்து கோத்துக்கொள்ளும், இதுதான் பக்கவாட்டுக் கிளட்ச். பல் பல்லின் மேல் இடித்தால் புறப்படும்போது முள் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். இது அதன் இயல்பு. ஓடும்போது தொடர்ந்து நடுங்கினால் இயல்பு அல்ல, கோத்துக்கொள்ளும் ஆழம் தவறியிருக்கிறது. 6139-ல் கிளட்ச் மேலிருந்து இறங்கிப் பிடிப்பதால் துள்ளலே இருக்கக் கூடாது.

கடைசியாக, ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு இரண்டு நிமிடம் வைத்திருங்கள். கடிகாரமே நின்றுபோனால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். தனக்கே சக்தி போதாத இயந்திரம் கூடுதல் சுமையைத் தாங்காது.

ஓடும்போது கீழ்ப் பட்டனை அழுத்திச் சோதிக்காதீர்கள். நிறுத்தாமலே பூஜ்ஜியத்துக்குத் திருப்பும் ஃபிளைபேக் வகை, உதாரணமாக சிட்டிசன் 8110, அதற்காகவே செய்யப்பட்டது. மற்றவற்றில் பூட்டு இருக்க வேண்டும், ஆனால் தேய்ந்த பூட்டை உங்கள் விரலால் உடைக்கத் தேவையில்லை.

மேல் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது, மறுபடி அழுத்தினால் நிற்கவில்லை. பழுதா?

உள்ளே இருப்பது லாண்டெரான் 48 என்ற பழைய சுவிஸ் இயந்திரமாக இருக்கலாம். அதில் மேல் பட்டன் ஓட மட்டும். கீழ்ப் பட்டனின் முதல் அழுத்தம் நிறுத்தும், இரண்டாவது பூஜ்ஜியத்துக்குத் திருப்பும். இது தெரியாமல் ‘பழுது’ என்று குறைந்த விலைக்கு விற்பவரும் உண்டு.

டயல் அசலா, மறுபடி வண்ணம் அடித்ததா என்று எப்படித் தெரியும்?

பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். விலையில் பாதி டயலில்தான் இருக்கிறது.

நிமிடக் கோடுகளின் நுனியைப் பாருங்கள். அசல் அச்சில் மை லேசாக மேடாக, ஓரம் கூர்மையாக இருக்கும். மறுவண்ணத்தில் கோடு தட்டையாக, சில இடத்தில் தடித்து, சின்ன வட்டத்தின் விளிம்பை வெட்டும் இடத்தில் தடுமாறியிருக்கும். வட்டங்களின் உள்ளே நுண்ணிய வளையக் கீறல்கள் இருக்க வேண்டும், புது வண்ணம் அவற்றை மூடிவிடும்.

சீக்கோவில் டயலின் அடிவிளிம்பில், 6 மணிக்கு இரு பக்கமும், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் ஒரு குறியெண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கமும் பின்மூடியிலுள்ள முதல் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குறியெண்ணே இல்லாத பளபளப்பான டயல் பெரும்பாலும் புதிதாக அச்சடித்தது.

ஒளிரும் பூச்சுக்கு ஒரு சிறு புற ஊதா டார்ச் வாங்குங்கள். டயலின் அடியில் ‘டி சுவிஸ் டி’ என்று இருந்தால் அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 12.3 ஆண்டு, ஆகவே 1970-களின் பூச்சு இருட்டில் இன்று செத்ததுதான். டார்ச் அடித்தால் மங்கலாக மின்னி, அணைத்ததும் சீக்கிரம் அடங்கும். டார்ச்சை அணைத்த பிறகும் பல நிமிடம் பச்சையாக எரிந்தால் அது பிற்காலத்தில் தடவியது. முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முள் வெள்ளை, டயல் பழுப்பு என்றால் முள் மாற்றியது.

சீக்கோவின் வருடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அப்படியே, அக்டோபருக்கு 0, நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’. ‘3’-க்குப் பிறகு ‘என்’ வந்தால் 1973 நவம்பர். 6139 ஏறக்குறைய பத்தாண்டு மட்டுமே வந்ததால் குழப்பம் 9-ல் தொடங்கும் எண்ணுக்கு மட்டும்தான், 1969-ஆ 1979-ஆ என்று. ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் ஆரம்ப காலத்தது, பிற்காலத்தில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ ஆகிவிட்டது. பின்மூடி மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இவை தாங்குமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். குளிர்நாட்டில் ஐம்பது ஆண்டு இழுப்பறையில் கிடந்த கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே ஓராண்டில் டயலில் புள்ளி விழும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாளில் 80 விழுக்காட்டைத் தொடுகிறது, பினாங்குக் கடற்கரை வீடுகளில் உப்பும் சேர்கிறது. பட்டன் அச்சுகளில் உள்ள ரப்பர் வளையம் ஐம்பது வயதில் கல்லாகிப்போயிருக்கும். குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து அறைக்கும் மாறும்போது கேஸுக்குள் காற்று விரிந்து சுருங்கி, அந்தக் கல்லான வளையத்தைச் சுற்றி வெளி ஈரத்தை உள்ளே இழுக்கும். தண்ணீரில் நனைக்கவே இல்லையே என்று சொல்பவர்களின் கடிகாரம் துருப்பிடிப்பது இப்படித்தான்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கடிகாரத்தை அரை மணி நேரம் உள்ளங்கைச் சூட்டைவிடச் சற்று அதிகமான, 40 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டு குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்துக்கு உட்புறம் பனி படர்ந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. உடனே கிரவுனை வெளியே இழுத்து, பட்டன்களைத் தொடாமல், சிலிகா ஜெல் உள்ள டப்பாவில் மூடி, மறுநாளே கடிகாரக்காரரிடம் கொண்டுபோங்கள். எஃகுப் பாகத்தில் துரு பிடிக்க வாரக்கணக்கு ஆகாது.

வைத்துப் பாதுகாக்க, கேமராக்காரர்கள் பயன்படுத்தும் மின்சார உலர்பெட்டி மிகச் சிறந்தது. 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அது முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. நிறம் மாறிய ஜெல்லை அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். தோல் வாரைக் கழற்றித் தனியே வையுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். தினம் கட்டுவதற்கு நைலான் வார் போதும். 6139 ‘போக்’ மாதிரிக்கு வார் அகலம் 19 மில்லிமீட்டர், கடையில் 18-ஐக் கொடுத்தால் இரு பக்கமும் இடைவெளி தெரியும்.

சர்வீஸ் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை? என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

எப்போது செய்தார்கள் என்று தெரியாவிட்டால் வாங்கியவுடன். பிறகு ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை. காய்ந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அச்சுகளைத் தேய்க்கும். கடிகாரம் ஓடிக்கொண்டே தேயும் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

முழுதும் பிரித்துக் கழுவ வேண்டும், மேலோட்டமாக எண்ணெய் விடுவது சர்வீஸ் அல்ல. நீங்கள் கடிகாரக்காரரிடம் தெளிவாகக் கேட்க வேண்டியவை: குரோனோகிராஃப் சக்கரப் பற்களில் எண்ணெய் விட மாட்டாரா? விட்டால் ஒட்டிக்கொண்டு வேகத்தை இழுக்கும். 6139-ன் செங்குத்துக் கிளட்ச் தொகுதியைப் பிரிக்காமல் விடுவாரா? அது தனியே பிரிக்கும்படி செய்யப்பட்டதல்ல, பிரித்தால் பிடிமானம் போய் முள் வழுக்கும். சுவிஸ் இயந்திரத்தில் மையம் விலகிய தலையுள்ள சில திருகுகள் இருக்கும், சக்கரங்கள் கோத்துக்கொள்ளும் ஆழத்தை முடிவுசெய்வது அவைதான். அனுபவமற்றவர் இதைச் சாதாரணத் திருகு என்று நினைத்துக் கழற்ற முயன்றதால் கெட்டுப்போன நல்ல வால்ஷு எத்தனையோ.

முடிந்ததும் கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள், ஸ்டாப்வாட்ச் நின்ற நிலையில் ஒன்று, ஓடும் நிலையில் ஒன்று. பக்கவாட்டுக் கிளட்ச்சில் ஓடவிட்டதும் ஊசல் சக்கரம் ஆடும் வீச்சு 20, 30 டிகிரி குறைவது வழக்கம். அதற்கும் மேல் குறைந்தால் எங்கோ உராய்கிறது. கேஸைப் பாலிஷ் செய்ய வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ரசீதிலும் எழுதி வாங்குங்கள். வழக்கமாகச் செய்து கொடுத்துவிடுவார்கள், கூர்மையான விளிம்பு போனால் திரும்ப வராது.

ரேடியம் பூச்சு ஆபத்தா?

1960-களிலும் அதற்கு முன்பும் வந்த கடிகாரங்களில் இருக்கலாம். அரை ஆயுள் 1,600 ஆண்டு, ஒளி செத்தாலும் கதிர் சாகாது. மூடிய கேஸில் கட்டிக்கொள்வது வேறு, திறந்து சுரண்டுவது வேறு. தூள் மூச்சில் போகக் கூடாது. நீங்களாகத் திறக்காதீர்கள், பலவற்றைக் காற்றோட்டமில்லாத படுக்கையறையில் சேர்த்து வைக்காதீர்கள்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முன்னால் ஓடுகிறது?

காந்தம் ஏறியிருக்கலாம். கைப்பை மூடி, ஒலிபெருக்கி, தொலைபேசி உறை எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. திசைகாட்டியை அருகில் பிடித்துப் பாருங்கள், ஊசி ஆடினால் காந்தம். நீக்க ஒரு நிமிடமே ஆகும்.

விளிம்பில் உள்ள எண்களால் இன்று பயன் உண்டா?

உண்டு, அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது வருத்தம். வேகத்தைக் காட்டும் டாக்கிமீட்டர் என்பது 3,600-ஐ நொடிகளால் வகுத்த கணக்கு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் பட்டனை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். ஓட்டுநர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். 36 நொடி என்றால் முள் 100-ஐக் காட்டும், 33 நொடி என்றால் ஏறக்குறைய 109, வேக வரம்பை ஒட்டி நிற்கிறீர்கள்.

ஒலியை வைத்துத் தூரத்தைக் காட்டும் டெலிமீட்டர் உள்ள டயல் கோலாலம்பூர் மாலை மழைக்கே செய்ததுபோல் இருக்கும். மின்னலைப் பார்த்ததும் அழுத்துங்கள், இடி கேட்டதும் நிறுத்துங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் ஓடுவதால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். அடுத்த மின்னலுக்கு எண் குறைந்தால் மழை உங்களை நோக்கி வருகிறது, காயப்போட்ட துணியை எடுத்துவிடலாம்.

ஸ்டாப்வாட்ச்சை எப்போதும் ஓடவிடலாமா?

6139-ல் தனி நொடி முள் கிடையாது, அதனால் பலர் ஓடவிட்டே கட்டுகிறார்கள். செங்குத்துக் கிளட்ச் அதைத் தாங்கும். பக்கவாட்டுக் கிளட்ச் உள்ள சுவிஸ் இயந்திரத்தை வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். தினமும் ஒன்றிரண்டு முறை மட்டும் ஓடவிட்டு நிறுத்தித் திருப்புங்கள். சும்மா கிடந்தால் கீழ்ப் பட்டன் இறுகிவிடும்.